கழுவச் சொன்ன குரல்



சீரியா நாட்டுப் படைத்தலைவனாகிய நாகமானின் வரலாற்றை (2 இராஜாக்கள் 5) ஓய்வுநாள் பள்ளி நாட்களிலிருந்தே நாம் அறிவோம். அவன் பராக்கிரமசாலி, அரசனுக்குமுன் மதிப்புப் பெற்றவன், ஆயினும் குஷ்டரோகி. தீர்க்கதரிசியாகிய எலிசாவின் வாசலில் தன் இரதங்களோடு வந்து நின்றான். எலிசா வெளியே வரவில்லை. யோர்தானில் ஏழுதரம் ஸ்நானம்பண்ணும்படி ஆளனுப்பிச் சொன்னான். நாகமானுக்கு வந்த கோபத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கடினமான காரியத்தைச் செய்யச் சொன்னதற்காக அவன் கோபப்படவில்லை. கழுவிக்கொள்ளச் சொன்னதற்காகவே கோபப்பட்டான். அத்தனை எளிய காரியத்தை, அத்தனை பெரிய மனிதனிடம், ஓர் ஏவலாள் வந்து சொல்வதா என்பதே அவனுடைய மனத்தாங்கல்.

அவனைத் திருப்பியவர்கள் யார்? அவனுடைய ஊழியக்காரர். அதற்கும் முன்பு, இஸ்ரவேல் தேசத்திலிருந்து சிறைபிடிக்கப்பட்டு அவன் வீட்டில் வேலை செய்த ஒரு சிறு பெண். அவளுடைய பெயரைக்கூட வேதம் சொல்லவில்லை. அவள் வாய் திறந்திராவிட்டால் நாகமான் தன் நோயோடே மரித்திருப்பான்.

இந்த வாரம் நாம் தியானிக்க எடுத்துக்கொள்வது மருத்துவமனைகளின் வரலாற்றில் ஒரு பகுதி. ஒரு நோய்க்காக மருத்துவமனைக்குள் சென்றவர், அங்கே வேறொரு தொற்றைப் பெற்றுக்கொள்ளும் துன்பத்தைக் குறித்தும், அதைத் தடுப்பதற்குச் செவிலியர் ஆற்றிய பணியைக் குறித்தும் உங்களோடு பேச விரும்புகிறேன். இது பழங்காலத்துச் செய்தி அன்று. மருத்துவமனையில் சேர்க்கப்படும் ஒவ்வொரு 100 பேரிலும், வளமான நாடுகளில் 7 பேரும், நம் நாட்டைப் போன்ற நாடுகளில் 15 பேரும் அங்கேயே ஏதேனும் ஒரு தொற்றைப் பெறுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ஆம் ஆண்டு அறிவித்தது. அப்படித் தொற்றைப் பெறுகிறவர்களில் சராசரியாகப் பத்தில் ஒருவர் மரிக்கிறார். நம் சபையாரும் உறவினரும் படுத்திருக்கும் வார்டுகளைப் பற்றியே இந்தக் கணக்கு பேசுகிறது.

வியன்னாவின் இரண்டு பிரிவுகள்

1840-களில் ஆஸ்திரியாவின் வியன்னா பொது மருத்துவமனையில் பிரசவத்திற்கென இரண்டு பிரிவுகள் இருந்தன. முதலாவது பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள். இரண்டாவது பிரிவில் மருத்துவச்சிப் பயிற்சி பெறும் பெண்கள் பயின்றார்கள். 1846-ஆம் ஆண்டில் முதலாவது பிரிவில் பிரசவித்த தாய்மாரில் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேர் பிரசவக் காய்ச்சலால் மாண்டார்கள். இரண்டாவது பிரிவில் மாண்டவர்கள் நூற்றுக்கு 3 பேருக்கும் குறைவு. நகரத்துப் பெண்கள் இந்த வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தார்கள். முதலாவது பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று அவர்கள் கண்ணீரோடு மன்றாடியதாக வரலாறு கூறுகிறது.

கற்றறிந்த மருத்துவர்களின் கையில் சாவு மிகுந்தும், அவர்களைவிடக் கல்வி குறைந்த மருத்துவச்சிகளின் கையில் சாவு குறைந்தும் இருந்ததற்குக் காரணம் என்ன? இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர் இதற்கு விடை தேடினார். 1847-ஆம் ஆண்டு அவருடைய நண்பரான பேராசிரியர் கொலெட்ச்கா, பிரேதப் பரிசோதனையின்போது கத்தி விரலில் பட்டுக் காயமடைந்து, சில நாட்களில் மரித்தார். அவருடைய உடலில் காணப்பட்ட அறிகுறிகள் பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மாரின் அறிகுறிகளை ஒத்திருந்தன. அப்பொழுது செம்மல்வைஸுக்கு உண்மை விளங்கிற்று. மாணவர்கள் காலையில் பிணவறையில் உடல்களை அறுத்துப் பயின்றுவிட்டு, அதே கைகளோடு பிரசவ அறைக்கு வந்தார்கள். மருத்துவச்சிகள் பிணவறைக்குச் செல்லவில்லை. வேறுபாடு அவ்வளவே.

1847 மே மாதத்தில் அவர் பிரிவின் வாசலில் குளோரின் கலந்த நீரை வைத்து, அதில் கைகளைக் கழுவாமல் எவரும் தாய்மாரைத் தொடக்கூடாது என்று கட்டளையிட்டார். மறு ஆண்டில் முதலாவது பிரிவில் மரணம் நூற்றுக்கு ஒன்றரைக்கும் கீழே இறங்கியது. இரண்டு பிரிவுகளுக்கும் இடையே வேறுபாடே இல்லாமற்போயிற்று.

இவ்வளவு தெளிவான சான்றை உலகம் உடனே ஏற்றுக்கொண்டிருக்கும் என்று நீங்கள் எண்ணலாம். அப்படி நடக்கவில்லை. நோயாளியின் சாவுக்கு மருத்துவரின் கையே காரணம் என்று கேட்பது அக்காலத்துப் பெரியோர்க்கு அவமானமாயிருந்தது. செம்மல்வைஸ் 1850-இல் வியன்னாவை விட்டுச் சென்றார். 1865-இல், மனநோயாளிகளுக்கான ஒரு காப்பகத்தில், 47 வயதில் மரித்தார். நாகமானின் கோபம் வியன்னாவிலும் இருந்தது; ஆனால் நாகமானைத் திருப்பிய ஊழியக்காரரைப் போன்றவர்களுக்கு அந்த மருத்துவமனையில் பேச இடமில்லை. பிரசவ அறையில் இரவும் பகலும் நின்ற பெண்கள், பெரிய மருத்துவரைப் பார்த்து, ஐயா, கைகளைக் கழுவிவிட்டு வாருங்கள் என்று சொல்லக்கூடிய காலம் அப்போது வரவில்லை.

ஒரு போதகரின் வீட்டிலிருந்து ஸ்குட்டாரிக்கு

ஜெர்மனியில் ரைன் நதிக்கரையிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்னும் சிற்றூரில் தியோடர் ஃபிளீட்னர் என்றொரு போதகர் இருந்தார். அவரும் அவருடைய மனைவி பிரெடெரிக்காவும் 1836-ஆம் ஆண்டு, நோயாளிகளைப் பராமரிப்பதற்குப் பெண்களைப் பயிற்றுவிக்கும் ஓர் இல்லத்தைத் தொடங்கினார்கள். ஆதித் திருச்சபையில் பெபேயாள் ஆற்றிய ஊழியத்தை (ரோமர் 16) மாதிரியாகக் கொண்டு, அப்பெண்களுக்குத் திருச்சபையின் ஊழியக்காரிகள் என்னும் தகுதியை அளித்தார்கள். சிறிய சபை ஒன்றின் போதகர் குடும்பம் இட்ட விதை அது. 1851-ஆம் ஆண்டு மூன்று மாதம் அங்கே தங்கிப் பயிற்சி பெற்ற ஓர் ஆங்கிலேயப் பெண்தான் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல்.

மூன்றாண்டுகள் கழித்து, 1854 நவம்பரில், அவர் 38 பெண்களோடு துருக்கியின் ஸ்குட்டாரியில் இருந்த இராணுவ மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். கிரிமியப் போரில் காயமுற்றும் நோயுற்றும் வந்த வீரர்களால் அந்தக் கட்டடம் நிரம்பியிருந்தது. கீழே சாக்கடைகள் அடைபட்டுக் கிடந்தன. துணிகள் ஒழுங்காக வெளுக்கப்படவில்லை. குண்டுக் காயத்தால் மாண்டவர்களைவிடக் காலரா, டைபஸ், சீதபேதி ஆகியவற்றால் மாண்டவர்களே பல மடங்கு அதிகம். நைட்டிங்கேல் அருகிலேயே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, வெந்நீர்க் கொப்பரைகளை அமைத்து, வீரர்களின் மனைவிமாரைக் கொண்டு துணிகளை வெளுக்கச் செய்தார். தரைகளைத் தேய்த்துக் கழுவச் செய்தார்.

பிரியமானவர்களே, இங்கே நாம் உண்மையை உள்ளபடி சொல்லவேண்டும். விளக்கேந்திய சீமாட்டியின் படத்தை நாம் பாடப்புத்தகங்களில் கண்டிருக்கிறோம். அவர் வந்ததும் மரணம் குறைந்துவிட்டது என்றும் கேள்விப்பட்டிருக்கிறோம். அந்தக் குளிர்காலத்தில் மரணம் குறையவில்லை; கூடிற்று. 1855 பிப்ரவரியில் அது நூற்றுக்கு 42 என்னும் அளவை எட்டியது. அன்பான பராமரிப்பு இருந்தது. ஆனால் கட்டடத்தின் அடியில் சாக்கடையும் இருந்தது. மார்ச் மாதம் அரசு அனுப்பிய சுகாதாரக் குழு வந்து சாக்கடைகளைச் சுத்திகரித்து, இறந்த விலங்குகளின் உடல்களை அகற்றி, காற்றோட்டத்துக்கு வழி செய்தபின்பே மரணம் வேகமாகக் குறைந்தது. ஜூன் மாதத்தில் அது நூற்றுக்கு 2 என்னும் அளவுக்கு வந்தது.

நாடு திரும்பிய நைட்டிங்கேல், புகழை வாங்கிக்கொண்டு அமர்ந்துவிடவில்லை. வில்லியம் ஃபார் என்னும் புள்ளியியலாளரோடு சேர்ந்து மரணக் கணக்குகளை மாதம் மாதமாக ஆராய்ந்தார். தம் மேற்பார்வையில் இருந்த மருத்துவமனையே வீரர்களைக் கொன்றிருக்கிறது என்னும் கசப்பான உண்மையை எண்கள் காட்டின. அவர் அதை மறைக்கவில்லை. வண்ண வரைபடமாக வரைந்து, 1858-இல் ஆட்சியாளர்களின் முன்வைத்தார். நோயாளிக்குத் தீங்கு விளைவிக்காதிருப்பதே மருத்துவமனையின் முதற்கடமை என்பதை அடுத்த ஆண்டில் எழுதிய நூலில் வலியுறுத்தினார். நோய்க்கிருமிகளைப் பற்றிய கொள்கை அப்போது நிலைபெறவில்லை. அவரும் அதை நெடுங்காலம் ஏற்கவில்லை. துர்நாற்றமான காற்றே நோயைப் பரப்புகிறது என்று எண்ணினார். ஆயினும் செவிலியர் நாள்முழுதும் அடிக்கடி கைகளைக் கழுவவேண்டும் என்று செவிலியப் பணியைக் குறித்த தம் நூலில் தெளிவாகக் கற்பித்தார். காரணத்தை முழுமையாக அறியாதபோதும் கடமையை அவர் சரியாகக் கண்டார்.

1860-இல் இலண்டனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அதே காலத்தில் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவச்சிகளைப் பயிற்றுவிக்க அவர் ஒரு பிரசவ வார்டையும் ஏற்படுத்தினார். அங்கே பிரசவக் காய்ச்சலால் தாய்மார் மாண்டபோது, 1867-இல் அந்த வார்டு மூடப்பட்டது. நைட்டிங்கேல் அந்த மரணங்களை அத்துடன் மறந்துவிடவில்லை. பல இடங்களின் கணக்குகளைத் திரட்டி, வீட்டில் பிரசவிக்கும் தாயைவிட மருத்துவமனையில் பிரசவிக்கும் தாய்க்கே ஆபத்து மிகுதி என்று 1871-இல் ஒரு நூலே எழுதி வெளியிட்டார். தன் பெயரால் நடந்த ஊழியத்தில் தீங்கு கண்டபோது, ஊழியத்தின் பெயரைக் காப்பாற்ற அதை மூடிமறைப்பது எளிது. அவர் கணக்கெடுத்து வெளியே சொன்னார். ஊழியம் செய்கிற நாம் ஒவ்வொருவரும் இதை மனதில் வைக்கவேண்டும்.

ஒரு செவிலியின் புண்பட்ட கைகள்

அடுத்த காட்சி அமெரிக்காவின் பால்டிமோர் நகரம், 1889-ஆம் ஆண்டு. அதற்குள் நோய்க்கிருமிகளைக் குறித்த அறிவு வளர்ந்திருந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவை அரங்கில் கரோலின் ஹாம்ப்டன் தலைமைச் செவிலியாகப் பணியாற்றினார். கிருமிகளைக் கொல்வதற்காக மெர்குரிக் குளோரைடு என்னும் கடுமையான மருந்துநீரில் அவர் தம் கைகளை நாள்தோறும் நனைக்க வேண்டியிருந்தது. அதனால் கைகளின் தோல் வெந்து புண்ணாயிற்று. பணியை விட்டுவிடும் நிலை வந்தது. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் நிறுவனத்தாரிடம் சொல்லி அவருக்கென மெல்லிய ரப்பர் கையுறைகளைச் செய்வித்தார். மறு ஆண்டில் அவ்விருவரும் திருமணம் செய்துகொண்டனர்.

அந்தக் கையுறைகள் செவிலியின் கைகளைக் காப்பதற்காகவே செய்யப்பட்டன. நோயாளியைக் காக்கும் எண்ணம் அப்போது எவருக்கும் இல்லை. சில ஆண்டுகள் கழித்து, அறுவை செய்கிற அனைவரும் கையுறை அணிந்தபோது காயங்களில் சீழ்பிடிப்பது பெரிதும் குறைந்ததைக் கண்டார்கள். பராமரிக்கிறவரைப் பராமரித்ததால் பராமரிக்கப்படுகிறவரும் பிழைத்தார். இன்று உலகெங்கும் அறுவை அரங்குகளில் அணியப்படும் கையுறைக்குப் பின்னே ஒரு செவிலியின் வேதனை இருக்கிறது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

வார்டு வார்டாக நடந்த ஒரு சிஸ்டர்

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பெனிசிலின் வந்தது. தொற்றுநோய்களின் காலம் முடிந்துவிட்டது என்று பலர் எண்ணினார்கள். கைகழுவுதலிலும் தூய்மையிலும் கவனம் தளர்ந்தது. 1950-களிலேயே பெனிசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் என்னும் கிருமி மருத்துவமனைகளில் பரவி, அறுவைக் காயங்களிலும் பச்சிளங்குழந்தைகளிடத்திலும் பாதிப்பை ஏற்படுத்திற்று. வல்லமையான மருந்து கையில் இருக்கிறது என்னும் நம்பிக்கை, எளிய கடமைகளை மறக்கச் செய்துவிட்டது.

1959-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரையிலுள்ள டார்க்கீ நகர மருத்துவமனையில், டாக்டர் பிரெண்டன் மூர் என்பவரின் முயற்சியால், காட்ரல் என்னும் மூத்த செவிலியர் நோய்த்தொற்றுத் தடுப்புக்கென்றே முழுநேரமாக நியமிக்கப்பட்டார். உலகில் அப்படிப்பட்ட நியமனம் பெற்ற முதல் செவிலியர் அவரே என்று கருதப்படுகிறார். அத்தகைய செவிலியரின் வேலை பார்வைக்குச் சிறியது. வார்டு வார்டாக நடப்பார். யாருக்குக் காயத்தில் சீழ் பிடித்திருக்கிறது, எந்தப் பணியாளரின் விரலில் கொப்புளம் இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். கருவிகள் சரியாகக் கொதிக்கவைக்கப்படுகின்றனவா என்று பார்ப்பார். ஒரே வார்டில் இரண்டு மூன்று பேருக்குத் தொற்று தோன்றினால், அது நான்காவது நபருக்குப் போகுமுன் தடுப்பார். நான்கு ஆண்டுகளுக்குள் அமெரிக்காவிலும் இத்தகைய நியமனம் தொடங்கிற்று.

இந்த நடைக்குப் பலன் உண்டா என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 1970-களில் ஒரு பெரும் ஆய்வைத் தொடங்கி, அதன் முடிவை 1985-இல் வெளியிட்டது. 250 படுக்கைகளுக்கு ஒருவர் வீதம் தொற்றுத் தடுப்புச் செவிலியரை வைத்து, தொற்றுகளை முறையாகக் கண்காணித்து, கண்டதை மருத்துவர்களிடம் எடுத்துச் சொன்ன மருத்துவமனைகளில், தொற்றுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தடுக்கப்பட்டது. அத்தகைய ஏற்பாடு இல்லாத மருத்துவமனைகளில் தொற்று கூடிக்கொண்டே போயிற்று.

இங்கே ஒரு வேதச் சிந்தனை. லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் வேகமாக வாசித்துக் கடந்துவிடுகிறோம். அங்கே ஆசாரியன் ஒருவனுடைய தோலைப் பார்க்கிறான். ஏழு நாள் தனித்திருக்கச் செய்கிறான். ஏழாம் நாளில் மறுபடியும் பார்க்கிறான். தேவையானால் இன்னும் ஏழு நாள் காத்திருக்கிறான். பொறுமையோடு பார்ப்பதும், மறுபடியும் வந்து பார்ப்பதும் ஒரு பரிசுத்த ஊழியமாக அங்கே எண்ணப்பட்டது. வார்டு வார்டாகக் குறிப்பேட்டோடு நடக்கிற செவிலியரை நான் காணும்போதெல்லாம் எனக்கு அந்த அதிகாரம் நினைவுக்கு வருகிறது.

நிறுத்தச் சொல்லும் உரிமை

அறிவு வந்தது, கண்காணிப்பும் வந்தது. ஒன்று மட்டும் குறைவாகவே இருந்தது. மேலே இருக்கிறவர் தவறும்போது கீழே இருக்கிறவர் பேசலாமா?

தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவருக்குக் கழுத்திலோ மார்பிலோ உள்ள பெரிய இரத்தக்குழாயில் ஒரு குழாயைச் செலுத்தி மருந்து கொடுப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அந்தக் குழாய் வழியாகக் கிருமி இரத்தத்தில் நுழைந்தால் உயிருக்கே ஆபத்து. 2001-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் டாக்டர் பீட்டர் புரோனோவோஸ்ட் ஐந்து எளிய படிகளை ஒரு பட்டியலாக எழுதினார். கைகளைக் கழுவுதல், நோயாளியின் தோலைக் கிருமிநாசினியால் துடைத்தல், முகக்கவசம், தொப்பி, அங்கி, கையுறை அணிந்து நோயாளியையும் முழுமையாகத் துணியால் மூடுதல், இயன்றவரை தொடை இரத்தக்குழாயைத் தவிர்த்தல், தேவையில்லாத குழாயை உடனே எடுத்துவிடுதல். இவற்றுள் ஒன்றும் புதிதல்ல. எல்லா மருத்துவரும் அறிந்தவையே.

புதிதாகச் செய்யப்பட்டது வேறு. மருத்துவர் ஒரு படியைத் தவறவிட்டால், அருகில் நிற்கும் செவிலியர் அவரை நிறுத்தலாம் என்று அதிகாரம் கொடுக்கப்பட்டது. அவசர நிலைமை தவிர, செவிலியர் நிறுத்தச் சொன்னால் மருத்துவர் நிறுத்தவேண்டும். மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இந்த முறை பின்பற்றப்பட்டது. குழாய் பொருத்தப்பட்ட ஒவ்வோர் 1000 நாட்களுக்கும் சராசரியாக 7.7 ஆக இருந்த இரத்தத் தொற்று, 18 மாதங்களில் 1.4 ஆகக் குறைந்தது என்று 2006-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

வியன்னாவில் கழுவுநீர் இருந்தது. பேசும் உரிமை இல்லை. மிச்சிகனில் அந்த உரிமை செவிலியருக்குக் கொடுக்கப்பட்டது. இடையிலே ஏறக்குறைய 150 ஆண்டுகள். நாகமானின் வீட்டுச் சிறு பெண்ணுக்கு அவளுடைய எஜமானி செவிகொடுத்தாள். எஜமானிக்கு நாகமான் செவிகொடுத்தான். கோபம் தணிந்தபின் தன் ஊழியக்காரருக்கும் செவிகொடுத்தான். சொல்கிறவருக்குத் துணிவு வேண்டும். கேட்கிறவருக்குத் தாழ்மை வேண்டும். இரண்டும் சேர்ந்த இடத்திலே சுகம் பிறக்கிறது.

நம் மண்ணில்

இந்தத் துணிவையும் பொறுமையையும் நம் மண்ணிலும் காண்கிறோம். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவ ஊழியத்தில் 1909-இல் செவிலியர் பயிற்சி தொடங்கப்பட்டபோது, பிறருடைய உடற்கழிவைத் தொடுவது தீட்டு என்று நம் சமுதாயம் எண்ணியிருந்தது. நல்ல குடும்பத்துப் பெண் செய்யும் வேலையா இது என்று பலர் கேட்ட காலம் அது. அந்தப் பயிற்சி வளர்ந்து 1946-இல் பட்டப்படிப்பு வழங்கும் கல்லூரியாயிற்று. தொட்டால் தீட்டு என்று ஒதுங்கிய ஊரில், தொட்டபின் கைகழுவு, தொடுமுன்னும் கைகழுவு என்று அப்பெண்கள் கற்றுக்கொடுத்தார்கள். தீட்டு என்னும் எண்ணம் நோயாளியை விட்டு மனிதரை விலக்கியது. செவிலியரின் கைகழுவுதலோ நோயாளியின் அருகே செல்வதற்கு வழி திறந்தது.

2018 மே மாதம் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா வைரஸ் தோன்றியது. அடையாளம் காணப்பட்ட நோயாளிகளில் மிகப் பெரும்பாலானோர் மருத்துவமனைகளுக்குள்ளேயே அதைப் பெற்றவர்கள். பேராம்பிரா வட்ட மருத்துவமனையில் நோயாளியைப் பராமரித்த செவிலியர் லினி, அந்தத் தொற்றினாலேயே மே 21 அன்று மரித்தார். இரண்டு சிறு பிள்ளைகளின் தாய் அவர். தொற்றுத் தடுப்பு தளரும் இடத்தில் நோயாளி மட்டுமல்ல, அவருக்குத் தண்ணீர் கொடுக்க வருகிற செவிலியும், துணைக்கு அமர்ந்திருக்கும் உறவினரும் விழுகிறார்கள்.

சபையாராகிய நமக்கு

இங்கே சிலருடைய உள்ளத்தில் ஒரு கேள்வி எழலாம். கைகழுவாமல் போஜனம்பண்ணினார்கள் என்று சீஷரைக் குற்றப்படுத்தியவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டாரே (மாற்கு 7), அப்படியிருக்க இவ்வளவு அழுத்தம் ஏன்? அந்த வாக்குவாதம் ஆசாரச் சுத்தத்தைக் குறித்தது. தன்னைப் பிறரைவிடப் பரிசுத்தன் என்று காட்டிக்கொள்வதற்கான கழுவுதல் அது. மருத்துவமனையில் நாம் கழுவுவது நம்மைக் காட்டுவதற்காக அல்ல. பலவீனமாய்ப் படுத்திருக்கும் ஒரு பிறனுக்காக. பிறனிடத்தில் அன்புகூரும் கட்டளைக்குள் அது அடங்கும். விசுவாசம் உள்ளவனுக்குத் தொற்று வராது என்று சொல்லிக் கைகழுவாமல் நோயாளியின் தலையில் கைவைப்பது, நம்முடைய விசுவாசத்தின் விலையை அந்த நோயாளியைக் கொடுக்கச் செய்வதாகும்.

ஆகவே சில காரியங்களை அன்போடு சொல்கிறேன். நோயாளியைக் காணச் செல்லும்போது, ஜெபிப்பதற்காகத் தொடுமுன்பும் தொட்டபின்பும் கைகளைக் கழுவுங்கள். நமக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் வீட்டிலிருந்தே ஜெபிப்போம். தேவனுடைய செவிக்குத் தூரம் ஒரு தடையல்ல. பத்துப்பேர் கூடிக் கட்டிலைச் சூழ்ந்து நிற்கவேண்டாம். நோயாளியின் படுக்கையில் உட்காரவேண்டாம். சிறு பிள்ளைகளை அழைத்துச் செல்லவேண்டாம். செவிலியர் வாசலில் தடுத்தால், நாங்கள் சபையிலிருந்து வந்திருக்கிறோம், இவர் போதகர் என்று சொல்லி உள்ளே நுழைய முயலவேண்டாம். அந்த நேரத்தில் அவர்தான் அந்த நோயாளியைக் காக்கும்படி வைக்கப்பட்ட காவலர். நாகமானின் இரதங்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தவேண்டாம்.

இன்னொன்று. நம் சபையிலும் செவிலியராய்ப் பணிபுரியும் சகோதரிகளும் சகோதரர்களும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர்களுடைய இடம் பல வாரங்கள் வெறுமையாயிருக்கும். ஆலயத்துக்கு வருவதில்லை என்று அவர்களைக் குறித்துப் பேசுவதைக் கேட்கும்போது என் உள்ளம் வருந்துகிறது. நாம் பாடிக்கொண்டிருக்கும் அதே மணிநேரத்தில் அவர்கள் ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்குச் செல்லுமுன் கைகளைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். நோயாளியைத் தொடுமுன், தூய்மை தேவைப்படும் செயலுக்குமுன், உடற்கழிவு பட்டிருக்கக்கூடிய வேளையின்பின், நோயாளியைத் தொட்டபின், அவருடைய சுற்றுப்புறத்தைத் தொட்டபின் என்று உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களை வகுத்திருக்கிறது. ஒரு பணிநேரத்தில் அது எத்தனை முறை ஆகும் என்று எண்ணிப்பாருங்கள். எவரும் பாராட்டாத வேலை அது. ஏனெனில் தடுக்கப்பட்ட தொற்றை எவரும் காண்பதில்லை. காப்பாற்றப்பட்ட தாய்க்குத் தான் காப்பாற்றப்பட்டது தெரிவதில்லை. அந்தரங்கத்தில் பார்க்கிற பிதாவுக்கு அது தெரியும்.

பாத்திரத்தில் தண்ணீர் வார்த்து, சீஷருடைய கால்களைக் கழுவி, துண்டினால் துடைத்தவர் நம் ஆண்டவர். அந்தப் பாத்திரத்தையும் துண்டையும் இன்று அதிகமாய்க் கையில் ஏந்துகிறவர்கள் யார் என்று சிந்திப்போம். வருகிற வாரத்தில் உங்களுக்குத் தெரிந்த ஒரு செவிலியரைக் கண்டு, அவருக்காக ஜெபிக்கிறோம் என்று சொல்லுங்கள். மருத்துவமனைத் தரையைத் துடைக்கும் பணியாளரையும் மறவாதிருங்கள்.

சிந்தனைக்கு

1. நம்மைவிடச் சிறியவர் என்று நாம் எண்ணுகிற ஒருவர் நம்மைத் திருத்தும்போது, நம் உள்ளம் நாகமானின் முதல் பதிலைத் தருகிறதா, அவனுடைய கடைசிப் பதிலைத் தருகிறதா?

2. நம் வீட்டிலும் சபையிலும் வேலைத்தலத்திலும், உண்மையைச் சொல்ல அஞ்சி நிற்கும் ஒரு குரல் உண்டா? அது பேசுவதற்கு நாம் இடங்கொடுக்கிறோமா?

3. எவரும் காணாத எந்தச் சிறிய கடமையில் நாம் தளர்ந்திருக்கிறோம்?

ஜெபம்

இரக்கமுள்ள பிதாவே, நோயுற்றோர் அருகே இரவும் பகலும் விழித்திருக்கும் செவிலியருக்காக உம்மைத் துதிக்கிறோம். அவர்களுடைய கைகளுக்குப் பெலனையும், அவர்களுடைய நாவுக்குத் துணிவையும், எங்களுடைய செவிகளுக்குத் தாழ்மையையும் தாரும். எங்கள் அன்பினால் எவருக்கும் தீங்கு நேராதபடி எங்களைக் காத்துக்கொள்ளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.